புகைக்கூண்டில் ஓர் அண்டா

இழுவைப் படகின் எஞ்சினைக் காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போசார்ஜரில் கரி அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்ய வந்த ஃபிட்டர் ஜெசிந்தா, மூடியைக் கழற்றியதும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. புகைக்கூண்டு வழியாக இறங்கிய கடல்காற்று அதைச் சுழற்றியது.

"மெதுவாத்தான சுத்துது, கையால பிடிச்சு நிறுத்தும்மா. வெளிய கப்பல் காத்துக் கெடக்கு" என்றார் கேப்டன் மச்சாது.

ஜெசிந்தா இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். "இந்தப் பத்தும் எனக்கு வேணும் சார். மேல கூண்ட மூடச் சொல்லுங்க."

மூடப்போன தார்ப்பாயைக் காற்று பிடுங்கிக் கடலில் எறிந்தது. சமையற்காரர் லூர்து பிரியாணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, ஆறிப்போயிருந்த புகைக்கூண்டின்மேல் கவிழ்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அண்டா ஆடியது. முணுமுணுத்துக்கொண்டே கேப்டனும் ஏறிப்போய் மறுபக்கம் பிடித்தார்.

கீழே சக்கரம் தயங்கியது, இன்னும் ஒரு சுற்று சுற்றியது, நின்றது. அது மறுபடி அசையாதபடி பூட்டுக்கம்பியைச் செருகிவிட்டு, ஜெசிந்தா கையை முழங்கைவரை உள்ளே விட்டாள்.

பக்கத்தில் போன வள்ளத்திலிருந்து ஒருவன் கத்தினான். "அண்ணாச்சி, அங்க என்ன வேவுது?"

"காத்துடே!" என்றார் லூர்து.

"எப்ப எறக்குவீக?"

லூர்து கேப்டனைப் பார்த்தார். அண்டா இருவரின் கைகளுக்குள்ளும் ரீங்கரித்தது.

"கீழ ஒரு பிள்ள இருக்கு" என்றார் கேப்டன். "அது சொல்லணும்."