தலைமடைக் கூட்டம்

தலையில் பன்னீர், வாலில் கழுநீர். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒரு வாய்க்கால்தான். அதன் கடைமடையில் இருந்த ஆமையின் குஞ்சுக்கு, அழுக்குத் தண்ணீரால் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. வாய்க்கால் முழுவதையும் சுத்தமாக வைக்க, மேலே இருப்பவர்கள் கூடி ஒரே திட்டம் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட ஆமை, குஞ்சை முதுகில் ஏற்றி, கொட்டாங்குச்சியில் தன் மடைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு புறப்பட்டது.

கூட்டம், வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் நடந்தது. அங்கேதான் தண்ணீர் குடிக்கும்படி இருந்தது.

"என் இடத்தில் சாணி தங்காது. உடனே தள்ளிவிட்டுவிடுவேன்" என்றது எருமை.

"நானும் அப்படித்தான் அண்ணே, ஓர் இறகு நிற்காது" என்றது வாத்து.

"அப்படியானால் இதுவே திட்டம். அவரவர் எல்லையை அவரவர் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று முடித்தது தலைவர் கொக்கு.

"தள்ளிவிட்டது எங்கே போகும் ஐயா?" என்று ஆமை கேட்டது.

"கீழே."

"கீழே நான் இருக்கிறேனே."

"நீயும் தள்ளிவிடேன் அம்மா. யார் தடுத்தார்கள்?"

"எனக்குக் கீழே மடையே இல்லை ஐயா. இதில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று கொட்டாங்குச்சியை நீட்டியது ஆமை.

கொக்கு கழுத்தைத் திருப்பிக்கொண்டது. நாற்றம் தாங்காத வாத்து, கொட்டாங்குச்சியை வாய்க்காலிலேயே கவிழ்த்தது. அந்தத் தண்ணீர் மறுபடி கடைமடைக்கே போனது.

அதற்குள், முதுகிலிருந்து இறங்கித் தலைமடைத் தண்ணீரில் நனைந்த குஞ்சுக்குக் கண் திறந்துவிட்டது.

"வா, வீட்டுக்குப் போவோம்" என்றது ஆமை.

குஞ்சு போகவில்லை. எருமைக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து, அங்கே கிடந்த சேற்றைக் காலால் கீழே தள்ளிவிட்டது.