மச்சினனின் காது

“இது சப்-வூஃபரா, தகர டப்பாவா?” என்று கேட்டுவிட்டு மச்சினன், ஆடியோ கடை முன்னால் நின்ற லாரியின் கேபினிலிருந்து குதித்து இறங்கினான். பாட்டு பாதிகூட ஓடவில்லை. அதற்குள் அவனுக்குக் காது வலித்துவிட்டதாம்.

சீட்டுக்கு அடியில் அடக்கமாக உட்கார்ந்திருந்த அந்த எட்டு இன்ச் ஸ்பீக்கரே டிரைவருக்குத் தாராளம். ஆம்ப்ளிஃபயரும் அதற்குள்ளேயே இருந்ததால் இடத்தை அடைக்கவில்லை.

மச்சினன் கேட்டதோ பன்னிரண்டு இன்ச் இரண்டு, ஒரே பெட்டியில், தனி ஆம்ப்ளிஃபயரோடு. அந்தப் பெட்டி சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில்தான் உட்காரும். மாதத்தில் இருபது நாள் டிரைவர் முதுகைச் சாய்ப்பது அந்தப் பலகையில்தான். அது போனால் ஸ்டியரிங்கில் தலையை வைத்துத்தான் தூங்கவேண்டும்.

இதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டார். தம்பிக்குத்தான் சவுண்டு பற்றித் தெரியும், அவன் சொல்வதை வாங்குங்கள் என்று மனைவி ஒரே பேச்சாக முடித்துவிட்டாள்.

தம்பிக்கு லாரி ஓட்டத் தெரியாது. டீசலை எந்தப் பக்கம் ஊற்றுவது என்று கேட்டால் சுற்றி வந்துதான் சொல்வான். ஆனால் தன் காது மட்டும் ஆண்டவன் தனியாக உட்கார்ந்து செய்தது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது எல்லோரும் அவனைக் ‘காது’ என்றே கூப்பிட்டார்கள். அது கிண்டல் என்பது மட்டும் அந்தக் காதில் விழவே இல்லை.

கடையில் ஒயரிங் வேலை பார்க்கும் பெண் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். கேபின் சின்ன இடம், அதற்கு எட்டு இன்ச்சே நிறைந்து வழியும் என்றாள். அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள், தொடர்ந்து தாங்குவது அதில் கால்வாசிகூட இருக்காது என்றாள். பெரிய ஆம்ப்ளிஃபயர் என்றால் பேட்டரியிலிருந்து விரல் தடிமனுக்குத் தனி ஒயர் வேறு இழுக்கவேண்டும் என்றாள்.

காது அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“ஏம்மா, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறவளுக்கெல்லாம் சவுண்டு தெரிஞ்சிடுமா? நீ பெரிசை ஏத்து. மத்ததை என் காது சொல்லும்.”

பலகையைக் காலி செய்யச் சொன்னார்கள். டிரைவர் ஏறிப்போய்ப் போர்வையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அதைத் தரையில் போட மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது, சொந்தத் தலையணைக்காகக்கூட வாய் திறக்காத மனிதரைப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டு பேர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அந்தப் பெண் சிவப்பு ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். காது வாசலில் நின்று போனில் யாருக்கோ, வாரக் கடைசியில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா, மாமா லாரியில் கேளு, தெருவே அதிரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சற்று நேரத்தில் அவள் இறங்கினாள். தலையணையை ஒரு தரம் பார்த்தாள். தோளில் இருந்த சுருளைச் சரிசெய்தபடி, பெட்டி வைத்தாகிவிட்டது என்றாள்.

“அதே பாட்டு, அதே வால்யூம்,” என்றான் காது. “எதையும் மாத்தக் கூடாது. பெரிசுக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி வச்சு ஏமாத்துற கடைங்களை நான் நிறைய பார்த்திருக்கேன்.”

“எதையும் மாத்தலைண்ணே.”

டிரைவர் கடைசியாக ஒரு முறை முனகினார், சின்னதிலேயே நன்றாகத்தானே இருந்தது என்று. காதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மாமா, ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலைன்னா அந்த டப்பாவையே வச்சுக்குங்க. நீங்களும் பலகையிலேயே கிடங்க. அக்காகிட்ட நானே சொல்லிடறேன்.”

பாட்டு தொடங்கியது. காது உள்ளே ஏறி உட்கார்ந்து, பெரிய பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். நாடி பார்க்கும் வைத்தியர்கூட முகத்தை அவ்வளவு இறுக்கமாக வைத்துக்கொள்ளமாட்டார்.

“இதுதான் பேஸ். நெஞ்சுக்குள்ள வந்து இடிக்குது பாருங்க. அந்த டப்பாவுல செத்தாலும் வராது.”

அதோடு விடவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து, பந்தயத்தையும் சொல்லி, பெட்டியருகே பிடித்தான். ஆமாம், கணீரென்று இருக்கிறது என்றாள் மனைவி. இப்போதாவது புரிகிறதா உங்களுக்கு என்று டிரைவரையும் ஒரு வார்த்தை கேட்டாள்.

டிரைவர் தலையணையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். இனி அதை எங்கே வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

“சரிம்மா, பெட்டிக்கு ஸ்க்ரூவை முடுக்கி வேலையை முடி,” என்றான் காது, போனைக் கையில் பிடித்தபடியே.

அவள் தோளிலிருந்த சுருளை மெதுவாக இறக்கினாள். போனுக்கும் கேட்கும்படி கொஞ்சம் கிட்டே வந்து நின்றாள்.

“முடிச்சிடலாம்ண்ணே. பெரிசுக்கு இனிமேத்தான் ஒயரே குடுக்கணும், இவ்வளவு நேரம் பாடினது தகர டப்பா.”