ஒன்றாம் பெட் சைரன்

"ஐயோ... அம்மா... ஆஆஆ!"

பிரசவ வார்டின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஊதிடுச்சு சிஸ்டரம்மா, ஒன்னாம் பெட் சைரன்" என்றாள் ஆயா, தரையைத் துடைத்துக்கொண்டே.

சிஸ்டர் கடுப்போடு கையுறையை மாட்டினாள். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில். வார்டைப் பார்த்துக்கொள்ள இவள் ஒருத்திதான். அரை மணி நேரமாக இதே கூத்து.

சிஸ்டருக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம். வராந்தாவில் நின்றபடி சத்தத்தைக் கேட்டே, "இதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம்", "இது பத்து நிமிஷத்துல ஆயிடும்" என்று சொல்லிவிடுவாள். டாக்டரே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

அப்பேர்ப்பட்ட காதை இந்தப் பெண் ஏமாற்றிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கேட்டால் குழந்தை இதோ வந்துவிடும் போலிருக்கிறது. சோதித்துப் பார்த்தால், கர்ப்பவாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை.

"ஏம்மா, தலைப்பிரசவம்னா இப்படியா ஊரைக் கூட்டுவ? இப்பவே இந்தக் கத்து கத்தினா, நிஜமா வரும்போது தொண்டையில என்ன மிச்சம் இருக்கும்?"

"சிஸ்டர், பக்கத்து பெட் அக்காவைக் கொஞ்சம் பாருங்களேன்..."

"அவங்களைப் பார்த்து நீதான் கத்துக்கணும். ஏதாவது சத்தம் வருதா பாரு!"

திரைக்கு அந்தப் பக்கம் இரண்டாம் பெட்டில் இருந்தவள் வேற்று மொழிக்காரி. ஒரு வார்த்தை புரியாது. அவளுக்கு இது இரண்டாவது பிரசவம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பார்த்தபோது பாதிதான் திறந்திருந்தது. சிஸ்டர் வயிற்றைத் தொட்டு, முகத்தைச் சுளித்து, 'வலிக்குதா?' என்று ஜாடை காட்டினாள். அவள் சிரித்தபடி 'இல்லை' என்று கையை அசைத்தாள்.

தங்கமான பேஷண்ட். நேரம் இருக்கிறது என்று சிஸ்டர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

"ஆஆஆ... அம்மா!"

மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வந்த அலறல் இரண்டு நிமிஷமாயிற்று. பிறகு ஒன்று. கடைசியில் இடைவெளியே இல்லாமல் ஒரு நீண்ட ஓலம்.

பொய் என்று மனசு சொன்னாலும் சிஸ்டரின் கால்கள் தானாக ஓடின.

அங்கே ஒன்றாம் பெட்காரியின் வலது கை, திரையின் இடுக்கு வழியே பக்கத்து பெட்டுக்கு நீண்டிருந்தது. சிஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது.

"நீ கத்துறது பத்தாதுன்னு, அந்தம்மா கையை வேற பிடிச்சு இம்சை பண்றியா? விடு!"

திரையை விலக்கினாள்.

பிடித்திருந்தது இவள் இல்லை, அவள். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. கடித்த உதட்டில் ரத்தம். சிஸ்டரைப் பார்த்ததும் அப்போதும் சிரிக்க முயன்றாள்.

போர்வையைத் தூக்கினாள் சிஸ்டர். குழந்தையின் தலை தெரிந்தது.

"ஆயாம்மா! ஓடி வாங்க!"

அதன் கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. குழந்தை நீலம் பாரித்திருந்தது. சிஸ்டரின் கைகள் பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. கொடியை விலக்கி, குழந்தையை எடுத்து, முதுகைத் தேய்த்து, இன்னும் தேய்த்து...

வீல் என்றது குழந்தை.

பெற்றவள் வாயிலிருந்து கடைசிவரை ஒரு முனகல்கூட வரவில்லை. ஒன்றாம் பெட்டின் சைரன் மட்டும் விடாமல் அலறி, குழந்தை அழுத அந்த நொடியில் நின்றது.

இன்னும் நாலு நிமிஷம் போயிருந்தால்? சிஸ்டரால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெளியே இரண்டாம் பெட்காரியின் புருஷன் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான். பெண்ணா பையனா என்று அவன் கேட்கவில்லை.

"சிஸ்டர், என் மனைவி கத்தினாளா?" என்றான், தமிழில் தட்டுத் தடுமாறி.

"மூச்சு விடலை. அதனாலதான் இவ்வளவு பிரச்சினையும். ஏன்ப்பா?"

அவன் கண் கலங்கிவிட்டது. "எங்க ஆளுங்க அப்படித்தான். குழந்தை கேக்குற முதல் சத்தம் அம்மாவோட அழுகையா இருக்கக் கூடாது. உயிர் போனாலும் கத்த மாட்டாங்க."

சிஸ்டரின் கை தானாகத் தன் காதைத் தொட்டது. எத்தனை சத்தங்களைக் கேட்ட காது இது! சத்தம் இல்லாததை ஒருநாளும் கேட்டதில்லை.

தாயையும் பிள்ளையையும் சுத்தம் செய்து படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் சைரன் ஞாபகம் வந்தது. அரை மணி நேரமாக ஒன்றாம் பெட்டில் பேச்சு மூச்சு இல்லை. பதறிப்போய் வந்தாள்.

"சாரிம்மா, அவசரத்துல உன்னை அம்போன்னு விட்டுட்டேன். இப்ப வலி எப்படி இருக்கு?"

"எனக்கா?" அந்தப் பெண் விழித்தாள். "எனக்கு இன்னும் வலியே வரலையே சிஸ்டர். தேதி தாண்டிடுச்சுன்னுதானே வந்து படுத்திருக்கேன்."

"என்னது! அப்போ காது கிழியக் கத்தினியே, அது?"

அவள் தன் வலது கையைத் தடவிக்கொண்டாள். மணிக்கட்டைச் சுற்றி நகம் பதிந்த தடங்கள் ரத்தம் கட்டியிருந்தன.

"நான் சொன்னா நீங்க கேக்கலை. அவங்களும் வாயைத் திறக்கலை. அதான், அவங்க என் கையை அழுத்தும்போதெல்லாம்..." தொண்டை கம்மிப்போய், குரல் காற்றாகத்தான் வந்தது. "அந்த அக்காவோட வலியைத்தான் சிஸ்டர் நான் கத்தினேன்."