ஒன்பதாம் வகுப்பின் பின் பெஞ்சு

"இந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார் கல்வி அதிகாரி.

"பதினாலு சார்" என்றாள் தலைமை ஆசிரியை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

இரட்டைச் சடை பின்னி, சீருடை போட்டு, பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் கடைவீதித் தையல்காரி. முப்பதைத் தாண்டி எவ்வளவோ காலம் ஆயிற்று. அவளுக்குப் பக்கத்தில் ரொட்டிக்கடைக்காரர் மனைவி. அந்தப் பக்கம் தபால்காரர் மருமகள். பின் வரிசைகள் முழுக்க இதே கதைதான்.

ஊரே 'டீச்சர்' என்று கூப்பிடும் அந்தத் தலைமை ஆசிரியையும்தான் என்ன செய்வாள்? பழைய தானியக் கிடங்கில், ஒரே அறையில் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. அறை அறையாக வளர்ந்து எட்டாம் வகுப்புவரை வந்தது, அப்படியே நின்றுவிட்டது. அதற்குமேல் படிக்க ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒன்பதாம் வகுப்பு வேண்டுமென்றால் நாற்பது பேரைக் காட்டு என்றது அரசாங்கம். தலைகீழாக நின்றும் பாதிதான் தேறியது. மீதிக்குத்தான் டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "ஒரே ஒருநாள் கூத்து. நீங்க வரலேன்னா அந்தப் பிள்ளைங்க படிப்பு இதோட போச்சு" என்று கையைக் காலைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள்.

அவளுக்கு ஒரு கனவு உண்டு. சாயங்காலம் எல்லாரும் போனபிறகு பின்பக்கத்துக் காலி மைதானத்தைப் பார்த்தபடி நிற்பாள். கொஞ்ச நேரத்தில் அங்கே மாடி எழும்பும். ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகள் மினுங்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படியிறங்கி வருவார்கள், முகம் மட்டும் தெரியாது.

"உன் கட்டடத்துக்கு வெள்ளையடிச்சாச்சா?" என்று அவள் கணவர்கூடக் கிண்டல் பண்ணுவார்.

அதிகாரி பெஞ்சு பெஞ்சாக நடந்தார். ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூசி மிதந்தது. டீச்சருக்கு எல்லாமே தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. இன்னும் ஒரே வரிசைதான்.

அப்போது வராந்தாவில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

பின் பெஞ்சுகளில் ஐந்தாறு மாணவிகள் சடாரென்று எழுந்து நின்றார்கள்.

அதிகாரி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டீச்சர், ஒரு வருஷத்துக்கு மட்டும் அனுமதி தரேன். ஆனா இன்னைக்கு நான் பார்த்த அத்தனை முகமும் தினமும் இங்க இருக்கணும். சொல்லாம கொள்ளாம வருவேன். ஒரு ஆள் குறைஞ்சாலும் வகுப்பை மூடிடுவேன்."

அவர் தலை மறைந்ததும் வகுப்பே அவளைப் பிய்த்துத் தின்றது.

"ஒருநாள்னு தானே சொன்னீங்க டீச்சர்?"

"என் கடையை யார் பார்ப்பா?"

"தெரிஞ்சேதான் மாட்டி விடுறான், பாவி மனுஷன்" என்றாள் டீச்சர். "ஈவு இரக்கமே கிடையாதா?" அவளுக்கு அழுகை முட்டியது.

முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தவர்கள் புத்தகத்தை விரித்துவைத்துத் தூங்கினார்கள். குழந்தைகளை வராந்தாவில் ஒருத்தி மாற்றி ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மழை வந்தது, போனது. எப்போது தூக்கம் கலைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"இதுக்குப் பேருதான் முக்கோணமா? தினமும் துணியில வெட்டித் தள்றேனே!" என்று ஒருநாள் தையல்காரி கத்தினாள்.

தபால்காரர் மருமகள் வரைபடத்தில் நதிகள்மேல் விரலை ஓட்டியபடி அப்படியே மெய்மறந்து உட்கார்ந்திருப்பாள். மணி அடித்தது அவள் காதில் விழாது. சின்னப் பிள்ளைகள் சந்தேகம் என்றால் பின் பெஞ்சுக்குத்தான் ஓடினார்கள், "அக்கா, அக்கா" என்று. டீச்சரின் மைதானத்துக் கனவில் படியிறங்கி வந்தவர்களுக்கு இப்போது முகம் வந்திருந்தது.

அதிகாரி சொன்னதுபோலவே அடிக்கடி வந்தார். ஜன்னல் வழியாக எண்ணுவார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அவர் தலையைக் கண்டாலே டீச்சர் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஆண்டுத் தேர்வு முடிந்த அன்றும் வந்து நின்றார். டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு ஆள்கூடக் குறையல சார். எல்லாரும் பரீட்சை எழுதிட்டாங்க. இன்னும் என்ன குத்தம் கண்டுபிடிக்கப் போறீங்க?"

அவர் நெளிந்தார். இத்தனை நாள் பார்த்த அதிகாரியாகவே இல்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே நரை தட்டத் தொடங்கிய ஒரு பெண்மணி, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றுகொண்டிருந்தாள்.

"என் சம்சாரம் டீச்சர். எட்டாவதோட வீட்டுல நிறுத்திட்டாங்க. பின் பெஞ்சுல ஒரு இடம் கிடைக்குமா?" என்றார் தணிந்த குரலில். "முதல் நாளே கேட்டிருப்பேன். அவளைச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு வருஷம் ஆயிடுச்சு."