ஆரோக்கியமான ஆண், வயது முப்பத்திரண்டு

திரையில் வந்ததை அவள் மூன்று தடவை படித்தாள்.

ஒன்றாம் எண் ரத்த மாதிரி. பெண்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டினாள். அப்போதும் பெண்தான்.

ஒன்றாம் எண், அவள் புருஷன்.

புது இயந்திரம். வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் பந்தா தாங்கவில்லை. கேட்டதை மட்டும் சொல்லாது. ஒரு மரபணுவைப் பார் என்றால் ஆளையே தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஆணா பெண்ணா, எந்தப் பக்கத்துச் சாயல் என்று ஊர்க்கதை முழுக்கப் பேசும்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு மரபணு. அதில் மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும். இருபது தடவை வந்தால் நிம்மதி. நாற்பதைத் தாண்டினால் என்றைக்காவது ஒருநாள் கை கால் தானாக ஆடும், பேச்சு குழறும், நினைவு உதிரும். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி.

இருபத்தெட்டு வருஷமாக அதை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் மெரினா மணலை எண்ணி முடித்து, சாயங்காலம் பெசன்ட் நகரையும் ஒரு கை பார்த்திருக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆள் ஒருவர் வேண்டும். அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்கள் அதற்காக ஊரெல்லாம் தேடாது. வீட்டுக்காரரைப் பிடித்து உட்கார வைத்து ரத்தம் எடுத்துவிடுவார்கள்.

கல்யாணமாகி நாலாவது மாதம் சபாபதியும் வந்தார்.

அந்த ரத்தத்துச் செல்களைச் சாகாமல் வளர வைத்து, உறைய வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். நாற்பத்தோரு கட்டுரைகள். எல்லாவற்றிலும் ஒரே வரி. ஆரோக்கியமான ஆண், வயது முப்பத்திரண்டு.

"எங்க வீட்டுக்காரர் தாம்பரம் தாண்ட மாட்டார். ஆனா பதினோரு நாட்டுல வளர்றார்," என்று மேடைக்கு மேடை சொல்வாள். ஒசாகாவில் சிரித்த சிரிப்பில் ஒரு பேராசிரியர் நாற்காலியோடு சாய்ந்தார். தூக்கி நிறுத்த நாலு பேர்.

ஒசாகாவில் வளர்ந்தது யார்?

பின்னால் தட்டு ஒன்று கீழே விழுந்தது.

பிலோமினா. இந்த ஆய்வுக்கூடத்தில் முதல் நாளிலிருந்து ரத்தம் எடுப்பவள். அவளும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மேடம்."

குனிந்து தட்டை எடுத்தாள். எடுத்ததும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வாரம். சார் வந்து உட்கார்ந்தார். ஊசியைப் பார்த்ததும் அழுதுட்டார். அவங்கப்பாவை ஊர்ல குடிகாரன்னு சொல்வாங்களாம். மனுஷன் ஒரு சொட்டு குடிச்சதில்லையாம், கை கால் தானா ஆடி, நடைதான் அப்படியாம். 'அவ எண்ணிட்டா, அப்புறம் என்னைப் பார்க்க மாட்டா பிலோமினா, அந்த எண்ணைத்தான் பார்ப்பா'ன்னார். அதுவரைக்கும் ஒரு ஆம்பளை அழுது நான் பார்த்ததில்ல மேடம். என் கையிலிருந்து ரத்தம் எடுத்து அவர் பேரை ஒட்டிட்டேன்."

அவள் மனம் முதலில் கட்டுரைகளுக்குத்தான் ஓடியது. பழக்கம்.

ஒன்றும் ஆகவில்லை. பிலோமினாவுக்கு அந்த எழுத்துகள் வருவது பதினேழு தடவை. அப்பழுக்கில்லாத, கல் போன்ற பதினேழு. ஒரு முடிவும் மாறாது. ஒரு புள்ளியும் நகராது.

அறிவியலை யாரும் ஏமாற்றவில்லை.

அவளை மட்டும்தான்.

நாலாவது மாதம். மகள் பிறக்க இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு ஐந்நூறு நாள் இருந்திருக்கிறது.

கதவு திறந்தது.

"அம்மா, அப்பா கீழே ஹாரன் அடிச்சு அடிச்சு வாட்ச்மேனுக்குக் காது போயிடுச்சு. சாப்பிடப் போறமா, இல்ல நான் இங்க இருக்கிற எலியைத் திங்கவா?"

அமிர்தா. மூன்று மாத வயிறு, இன்னும் வெளியே தெரியவில்லை.

அவள் மகளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காரு. முகம் வெளுத்திருக்கு. ரத்தசோகை இருக்கான்னு பார்த்துடலாம்."

அமிர்தா செல்போனைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள்.

எதற்கு என்று சொல்லாமல் யாரிடமிருந்தும் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. அந்த விதியை எழுதியவள் அவள். ஆயிரம் குடும்பங்களுக்கு அதைப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகே ஊசியைத் தொட விட்டவள்.

பிலோமினா ஊசியை எடுக்க வரவில்லை.

பட்டையை அவளே கட்டினாள். நரம்பை அவளே தேடினாள். குழாயில் சிவப்பு ஏறியது.

"அப்பாகிட்ட சொல்லாதே. பயந்துடுவார்."

"ரத்தசோகைக்கா?" அமிர்தா சிரித்தாள். முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள். காலடிச் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது. அவள் ஒவ்வொன்றாகக் கவனித்தாள்.

பிலோமினா வெற்றுச் சீட்டு ஒன்றைக் குழாயில் ஒட்டினாள். பேனா மூடியைத் திறந்தாள்.

"யார் பேர் போடட்டும், மேடம்?"

அவள் பேனாவை வாங்கினாள். தன் பெயரை எழுதினாள்.

கை கொஞ்சமும் நடுங்கவில்லை.