தூங்கப் போகும் மரம்

வெயில் தாழ்கிறது. தோட்டத்துக்கு வரைபடம் போட்டவள் கைரம்பத்தோடு இளம் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறாள். சொந்த மண்ணின் மரங்களைத் தவிர வேறெதுவும் இங்கே கூடாது என்பது அவள் பிடிவாதம். வெட்டவெளியில் நட்ட மகிழங்கன்றுகள் கருகிச் சுருண்டுவிட்டன; இந்த அயல்நாட்டு மரத்தின் நிழலில் நட்டது மட்டும் தளிர்விட்டு மினுங்குகிறது. ரம்பத்தின் பல் பட்டையில் படும் நேரம், தலைக்கு மேலே இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி மெல்ல மூடிக்கொள்கின்றன. திறந்த இடுக்குகளில் மஞ்சள் வெளிச்சம் வழிந்து அவள் புறங்கையை நனைக்கிறது. “அது தூங்கப் போகுது,” என்கிறார் தண்ணீர்க் குழாயைச் சுருட்டும் அவள் கணவர், தொட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போன்ற தணிந்த குரலில். “காலைல முழிச்சதும் வெட்டிக்கலாம்.”

“காலைல எப்படிங்க வெட்டுறது? கன்னுக்கு நிழல் வேணாமா?”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுகிறது. ரம்பம் சத்தமில்லாமல் புல்லில் படுத்துக்கொள்கிறது.