இடம் மாறிய மடிப்பு

தகேசோவின் செத்துப்போன மனைவி சுமியின் உருவத்தில் ஒரு நரி அவன் வீட்டுக்குள் நுழைந்தது. நரிகளுக்குப் பிடித்த, சோயாவில் செய்து பொரித்த டோஃபுவை வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் காடு திரும்பிவிட வேண்டும் என்பதுதான் அதன் எண்ணம். ஆனால் சுமியை அது ஒரே ஒருமுறை, சவப்பெட்டியில்தான் பார்த்திருந்தது. அதனால் கிமோனோ அங்கியின் வலப்பக்கத்தை மேலே போட்டு மடித்திருந்தது. அந்த ஊரில் பிணத்துக்கு மட்டுமே அப்படி உடுத்துவார்கள்.

தகேசோ உடனே கண்டுகொண்டான், இருந்தும் டோஃபுவைப் பரிமாறினான். நரி உண்ட மயக்கத்தில் கண்ணயர்ந்தபோது, உருமாறும் நரிகள் மடியில் வைத்திருக்கும் வெள்ளை மாய உருண்டையை எடுத்து ஒளித்துவைத்தான். அது இல்லாமல் நரியால் தன் உருவத்துக்குத் திரும்ப முடியாது.

"நான் உங்க பொண்டாட்டி இல்லீங்க, நரி," என்று விழித்ததும் அழுதது.

"தெரியும். பொணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டிக்கிட்டு எவ வீட்டுக்கு வருவா?"

"தெரிஞ்சுமா? என் குட்டிங்க பசியோட கெடக்குதுங்க. உருண்டையக் குடுத்துடுங்க."

"அவளும் அழுதா இப்படித்தான் மூக்கை உறிஞ்சுவா," என்றான்.

பிறகு மண்டியிட்டு, அதன் இடைக்கச்சையை அவிழ்த்தான். உயிரோடு இருப்பவர்களைப் போல இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து மடித்து, மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினான்.

மூன்றாம் நாள் காலையில் குட்டிகள் தாயைத் தேடி வேலியோரம் வந்தன. அவள் ஓடிப்போய்க் கைகளை நீட்டினாள். மனித வாடை பட்டதும் அவை சிதறி ஓடின. எல்லாவற்றிலும் சிறிய குட்டி மட்டும் ஓடாமல் நின்று, அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது.